இத்தீவில் மட்டும் செல்லும்

வெள்ளித் தாளைக் கட்டுக் கட்டாகக் கவுண்டரில் வைத்து, "இதத் தைவான் பணமா மாத்திக் குடுங்கண்ணே" என்று சிப்பிக்காரி கிம்ஹோ கேட்ட அன்று எனக்கு வயிறு சரியில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிறு சரியாக இருந்திருந்தாலும் கத்தித்தான் இருப்பேன். ஆனால் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருக்க மாட்டேன்.

வெள்ளித் தாள் என்பது செத்தவர்களுக்கு எரிப்பது. முரட்டுக் காகிதத்தின் நடுவில் ஈயப் பூச்சு ஒட்டியிருக்கும். இங்கே எரித்தால் அங்கே அவர்கள் கையில் பணமாகப் போய்ச் சேரும். செத்தவர்கள் திரும்பி வருகிற ஏழாம் மாதம் பிறந்துவிட்டால், சீனக் கரைக்கு எதிரே இருக்கிற எங்கள் கின்மென் தீவு முழுக்க அந்தப் புகைதான். அதை யாரும் வங்கிக்குக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

"கிம்ஹோ, இது பேங்க். கோயில் இல்ல."

"தெரியும்ணே. அதனாலதான் இங்க கொண்டாந்தேன். கோயில்ல மாத்தித் தர மாட்டாங்க."

வரிசையில் நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். "அண்ணே, எங்க அப்பாவுக்கும் ரெண்டு கட்டு மாத்துங்க, சூதாட்டத்துல விட்டுட்டாராம்" என்றான் ஒருத்தன். அப்போதுதான் நான் கத்தினேன். சிப்பாயை அல்ல, அவளை. அவள் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடைக்குள் வைத்தாள். சிப்பி உடைக்கிற கை அது, விரல் முழுக்கக் கீறல். கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் கதவு திறக்கும்போது அதே கூடையோடு வாசலில் நின்றாள்.

நான் உட்கார்ந்திருந்தது மாற்றுக் கவுண்டர். எங்கள் தீவுக்கென்று தனி நோட்டு உண்டு. தைவான் நோட்டேதான், அதே தலைவர் படம்தான். ஆனால் முகத்தில் 'கின்மென்னில் மட்டும் செல்லும்' என்று சிவப்பில் அச்சடித்திருக்கும். கப்பலேறித் தைவானுக்குப் போகிறவர் அதை என்னிடம் கொடுத்துச் சிவப்பெழுத்து இல்லாத நோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வருகிறவர் திருப்பிக் கொடுத்து இதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு ஒன்று, லாபமும் கிடையாது நஷ்டமும் கிடையாது.

எதற்கு இந்தத் தனி நோட்டு என்று சின்னப் பிள்ளைகளிலிருந்து புதுச் சிப்பாய் வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். தீவில் ராணுவம் கொட்டுகிற பணம் தைவானுக்குள் பாய்ந்து விலைவாசியை ஏற்றக்கூடாது என்று ஒரு பதில் சொல்வேன். பயிற்சி வகுப்பில் இன்னொரு பதிலும் சொல்லிக்கொடுத்தார்கள். எதிர்க்கரைக் கம்யூனிஸ்டுக்காரன் ஒருநாள் தீவைப் பிடித்தால் பெட்டகத்தோடு பணத்தையும் பிடிப்பான். அந்தப் பணம் தைவானில் காலணாவுக்குச் செல்லக்கூடாது. அதற்குத்தான் சிவப்பெழுத்து. நானும் நல்ல ஏற்பாடுதான் என்று தலையாட்டினேன். அறைக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. நாங்கள் போய்விடுவோம் என்று முன்கூட்டியே யோசித்து அச்சடித்த நோட்டு அது. எங்களோடு சேர்ந்து போகட்டும் என்று விட்ட பணத்தைத்தான் எங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

நான் தீவுக்காரனும் இல்லை. எதிர்க்கரையில் தெரிகிற மலைக்குப் பின்னால் என் ஊர். நாற்பத்தொன்பதாம் வருஷம், பத்தொன்பது வயதில், வங்கிப் பெட்டிகளுக்குத் துணையாக ஒரு வாரத்துக்கென்று இக்கரைக்கு வந்தேன். அம்மா இரண்டு சட்டைதான் கட்டிக்கொடுத்தாள். அந்த வாரத்துக்குள் எதிர்க்கரை கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய், கடலுக்கு நடுவே கோடு விழுந்துவிட்டது. கிம்ஹோ கூடையோடு வந்தது எழுபத்து மூன்றாம் வருஷம். வானம் தெளிந்திருந்தால் அந்த மலையில் மரம் தனித்தனியாகத் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பித்தானே போகப்போகிறோம் என்று முதல் பத்து வருஷம் செய்யவில்லை. அப்புறம் யாரும் கேட்கவில்லை. வங்கிக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. எனக்கு ஏன் சட்டென்று கோபம் வருகிறது என்று கேட்கிறவர்கள் அந்த அறையில் ஒரு குளிர்காலம் இருந்து பார்க்க வேண்டும்.

மூன்று நாள் அவள் வந்தாள். மூன்று நாளும் துரத்தினேன். நாலாம் நாள் கப்பல் போயிருந்தது, கவுண்டரில் ஈ காக்கை இல்லை. மேனேஜர் ராணுவ அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். தைபேயிலிருந்து இரண்டு வருஷத்துக்கு வந்தவர், நாட்காட்டியில் தேதி கிழிப்பதைத் தவிர வேறு எதிலும் அவருக்கு ஆசை இல்லை.

"உக்காரு" என்றேன். "என்னதான் ஒனக்குப் பிரச்சினை?"

அவள் உட்காரவில்லை. முகத்தை மூடியிருந்த துண்டை மட்டும் கீழே இறக்கிக்கொண்டாள். "நீங்கதானேண்ணே சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"எங்க வீட்டுக்காரரு போறப்ப. இதே எடத்துல. நானும் பக்கத்துல நின்னேன்."

அவள் புருஷன் தியான்சாங்கை எனக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தைவானில் காவ்சியுங் துறைமுகத்தில் பழைய கப்பல் உடைக்கிற வேலைக்குப் போனவன். பாதிப் பணத்தை மாற்றிவிட்டு, மீதி இப்படியே இருக்கட்டும், வந்ததும் செலவுக்கு ஆகும் என்றான். நான் அவனைக் கிண்டல் செய்தேன். அங்கே போய் இதை நீட்டிப் பாரு, ஒரு கிண்ணம் நூடுல்ஸ்கூடத் தர மாட்டான், கடைக்காரன் மூஞ்சியிலேயே விட்டெறிவான் என்றேன். அவனும் சிரித்து முழுப் பணத்தையும் மாற்றிக்கொண்டான். போன குளிர்காலத்தில் இரும்புத் தகடு சரிந்து அவன் மேல் விழுந்தது. தந்தி வருவதற்குள் அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

"ஏழாம் மாசம் பொறந்ததும் எரிச்சேன். நெறையவே எரிச்சேன். அன்னிக்கு ராத்திரியே கனவுல வந்துட்டாரு" என்றாள் கிம்ஹோ. "நூடுல்ஸ் கடையில நிக்கறாரு. கை நெறையப் பணம். கடைக்காரன் வாங்கிப் பாக்கறான், எழுத்தப் படிக்கறான், தூக்கி எறியறான். இவரு குனிஞ்சு பொறுக்கறாரு. பொறுக்கிட்டு நிமிந்து என்னப் பாக்கறாரு. அப்பறம் தெனமும் அதேதான்ணே. எரிக்க எரிக்கப் பணம் சேருது, சோறு மட்டும் கெடைக்கல."

"வெள்ளித் தாள்ல எங்கடி எழுத்து இருக்கு?"

"இங்க எரிச்சா இந்த ஊர்ப் பணம்தானே? அவரு இருக்கறது அந்த ஊரு."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபது வருஷமாக அந்தப் பாடத்தை ஊருக்கெல்லாம் ஓதியவன் நான்தான். அவள் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

"நீயே போயி அங்க தாள் வாங்கி எரிச்சுட்டு வாயேன்."

"பெர்மிட் கேட்டேன். சொந்தக்காரரப் பாக்கப் போறேன்னு ஆள வெச்சு எழுதிக் குடுத்தேன். யாரப் பாக்கன்னு கேட்டாங்க. சொன்னேன். உசிரோட இருக்கறவங்களப் பாக்கத்தான் பெர்மிட்டாம்." கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "பூசாரியக் கேட்டா, விழுந்த எடத்துல போயிக் கூப்பிட்டாத்தான் ஆவி வரும்ங்கறாரு. எல்லாரும் சரியாத்தான் சொல்றாங்க. நான் எங்கதான் போறது?"

நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். மேஜையிலிருந்து மாற்று ரசீது ஒன்றை உருவினேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. ராணுவச் சட்டம் நடக்கிற தீவு, முத்திரை அரசாங்கத்துடையது. வெளியே தெரிந்தால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான்.

"கொடுப்பவர், தாங் கிம்ஹோ" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன். "பெறுபவர், கோ தியான்சாங். எங்க வெச்சிருக்காங்க?"

"மேற்கு மலை மயானம். நாலாவது வரிசைன்னு எழுதியிருந்தாங்க."

"காவ்சியுங் நகரம், மேற்கு மலை மயானம், நாலாவது வரிசை. எவ்வளவு போடட்டும்?"

அவள் யோசித்தாள். "ஒரு ஆம்பளைக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவுண்ணே ஆகும் அங்க? அவரு ரெண்டு கிண்ணம் சாப்பிடுவாரு."

எனக்கும் தெரியவில்லை. நான் தைவானைப் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் 'தேவையான அளவு' என்று எழுதினேன். முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினேன். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒன்று குத்தினேன். அவள் ரசீதை ஊதி ஊதிக் காயவைத்து, சட்டைக்குள் செருகிக்கொண்டாள். அன்று ஒற்றைப்படைத் தேதி. அந்தத் தேதிகளில் பொழுது சாய்ந்தால் எதிர்க்கரையிலிருந்து துண்டுப் பிரசுரம் அடைத்த பீரங்கிக் குண்டு வரும். ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மூன்று நாள் கழித்து ஒரு தகர டப்பா நிறைய உடைத்த சிப்பியோடு வந்தாள். அவ்வளவு சிரித்து அவளை நான் பார்த்ததில்லை.

"வாங்கிட்டாருண்ணே! எரிச்ச ராத்திரியே வந்தாரு. கடையில உக்காந்திருக்காரு. கிண்ணத்துலயிருந்து ஆவி பறக்குது. தலையத் தூக்கக்கூட இல்ல, சாப்பிடறாரு சாப்பிடறாரு, அப்படிச் சாப்பிடறாரு. நேத்தும் முந்தாநேத்தும் வரவேயில்ல. வயிறு நெறஞ்சிருச்சு."

"சரி சரி, சத்தம் போடாத."

"இதக் கஞ்சியில போட்டுக் குடிங்க. ஒங்க வயித்துக்கு நல்லது." டப்பாவைத் தள்ளிவிட்டு, போகாமல் நின்றாள். "நீங்க யாருக்கும் எரிக்கறதில்லையாண்ணே? ஒங்க ஆளுங்க எங்க இருக்காங்க?"

நான் ஜன்னல் பக்கம் தாடையைக் காட்டினேன். மலை தெரிந்தது.

"அம்மாவா?"

"இருக்காளா இல்லையான்னே தெரியாது. எரிச்சா இல்லைன்னு ஆயிடும்."

அவள் தகர டப்பாவை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். இது மாதிரி சமயங்களில் ஆறுதல் சொல்ல வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவள் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சிப்பிக் கஞ்சி ருசியாகவும் இருந்தது.

ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா? அடுத்த வாரம் வரிசையில் மூன்று பேர் வெள்ளித் தாளோடு நின்றார்கள். ஒருத்திக்குத் தைபேயில் செத்த அண்ணன். ஒருத்திக்குத் தைனானில் மாமனார். மூன்றாவது ஆள் சிங்கப்பூரில் போன பெரியப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். "சிங்கப்பூருக்கு இங்க இல்ல, போஸ்ட் ஆபீஸுக்குப் போங்க" என்று துரத்தினேன். அதற்குள் மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்ன இது, குவா?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். கோயில் காரியம், எடம் மாறி வந்துட்டாங்க."

அவர் என் முத்திரையைப் பார்த்தார், தாள் கட்டுகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு, மேலே காதில் விழுந்தால் உனக்கு மட்டும் இல்லை எனக்கும் சேர்த்து முடிந்தது, எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் இருக்கிறது என்றார். சரி சார் என்றேன். அதற்குப் பிறகு வந்தவர்களை எல்லாம் வழக்கம்போலக் கத்தித் துரத்தினேன்.

ஒன்பதாம் மாதம் வாடைக்காற்று இறங்கியது. எங்கள் தீவில் அந்தக் காற்று மனுஷனை ஒரு பக்கமாகச் சாய்த்தே நடக்க வைக்கும். ஒருநாள் மத்தியானம், கவுண்டரை மூடுகிற நேரத்துக்குக் கிம்ஹோ வந்தாள். கூடை இல்லை. பாதியாக இளைத்திருந்தாள்.

"அண்ணே, அன்னிக்கு மாத்தினத ரத்து பண்ண முடியுமா?"

"என்னது?"

"மாத்தினதத் திருப்பி மாத்தணும்."

"பிச்சு எரிச்ச தாள எப்படித் திருப்பறது? ஒனக்குக் கிறுக்கா? அதான் வேல ஆச்சுல்ல, வயிறு நெறஞ்சிருச்சுன்னு நீதானே வந்து குதிச்ச?"

"நெறஞ்சிருச்சுண்ணே. அதனாலதான் வர மாட்டேங்கறாரு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு மாசமாச்சு" என்றாள். "ஒரு தடவகூட வரல. சாயங்காலமே படுத்துப் பாக்கறேன், அவரு சட்டைய விரிச்சுப் படுத்துப் பாக்கறேன். ஒண்ணுமேயில்ல. முன்னாடி தெனமும் வந்தாரு. நின்னாரு. என்னப் பாத்தாரு." துண்டின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "பசியோட வந்தாலும் வந்தாருல்ல."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டின புருஷன் பட்டினி கிடக்கட்டும் என்று சொன்ன வாய் அது. காது மடல் வரை சிவந்துவிட்டது. நான் அவளைத் திட்டியிருக்கலாம். எப்போதும் அதைத்தானே செய்வேன். ஆனால் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அவள் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. என் அம்மா எதிர்க்கரையில் பசியோடு நிற்கிறாள் என்று யாராவது வந்து சொன்னால் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வரும், நிற்கிறாளே என்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேனேஜர் உள்ளே இருந்தார். இருந்தால் இருக்கட்டும். ரத்து ரசீதை எடுத்து எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"படிச்சுக் காட்டுங்கண்ணே" என்றாள்.

தாழ்ந்த குரலில் படித்தேன். "கோ தியான்சாங், காவ்சியுங் நகரம், மேற்கு மலை மயானம், நாலாவது வரிசை. மேற்படியாருக்கு அளிக்கப்பட்ட தொகை இத்துடன் ரத்து செய்யப்படுகிறது. கையிருப்பு முழுவதும் பெறுபவரிடமிருந்து திரும்பப் பெறப்படும்."

அது படிவத்திலேயே அச்சடித்திருக்கிற வாசகம். நான் சேர்த்தது பெயரும் ஊரும் மட்டும்தான்.

"திரும்பப் பெறறதுன்னா?"

"அவன்கிட்டருந்து வாங்கிடுவாங்க."

"யாரு?"

"அங்க இருக்கறவங்க. யாரோ. ஆபீஸ்காரங்க."

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப வந்தா?"

முத்திரையில் மை ஒற்றியாகிவிட்டது, கை மேலே நின்றது. வெளியே காற்று கதவை உலுக்கிக்கொண்டிருந்தது. அவள் என் கையைப் பார்க்கவில்லை, ரசீதையே பார்த்தாள். படிக்கத் தெரியாத அவளுக்குப் புருஷன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது. அதன் மேல் விரலை வைத்தாள். அந்த விரல் அங்கேயே இருந்தது. எடுக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். எடுத்தால் குத்திவிட வேண்டியதுதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உள்ளே மேனேஜர் நாற்காலியைத் தள்ளி எழுகிற சத்தம் கேட்டது.

"வேண்டாம்ணே" என்றாள் கிம்ஹோ. ரசீதைத் தன் பக்கம் இழுத்து, நாலாக மடித்து என்னிடமே கொடுத்தாள். "அவரு சாப்பிடட்டும்."

துண்டை இழுத்து முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது. கடல் வற்றுகிற நேரம், சிப்பி பிடித்த கற்களுக்குப் போகிற ராணுவக் கேட்டை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, காற்றில் சாய்ந்தபடி போய்விட்டாள்.